தேக்கில் செய்த பேரிங்

மொன்ட்ரியாலில் எங்கள் ஆட்கள் 'பித்தளை அண்ணை' என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். கோவில் திருநாளில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நிற்பார். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மகளுடன் இருக்கிறார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இன்றைக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், அவர் இளவயதில் கப்பல் சாமானைத் திருடி விற்றவர் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவருடைய பெயர் அருளப்பு. மன்னார்க்காரர். அவர் எதையும் விற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தெரியும்.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் டிலானி. எங்கள் பொறியியலாளர் சங்கத்தின் ஆண்டு மலரை அவர்தான் பார்க்கிறார். லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை. ஆற்றங்கரையில் யுத்தகாலக் கப்பல்களைப் பற்றி ஒரு விளக்கப் பலகை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"அங்கிள், இஞ்சை கட்டின கப்பலிலையே வேலை செய்த ஆள் எங்கடை சங்கத்திலை நீங்கள் ஒராள்தான். அந்த பேரிங் கதையை எழுதித் தாங்கோ. பார்ட்டியிலை சொல்லுவீங்களே, அது."

சொல்லுவேன்தான். பெருமையாகச் சொல்லுவேன். ஆனால் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

முதலில் அந்தக் கப்பல்களைப் பற்றி. இரண்டாம் உலக யுத்தத்தில் சரக்குக் கப்பல்கள் கட்டுவதை விட வேகமாக மூழ்கிக்கொண்டிருந்தன. கனடா அரசாங்கம் திட்டம் போட்டு, பல நகரங்களில் ஒரே வரைபடத்தில் கப்பல்களைக் கட்டுவித்தது. மொன்ட்ரியால் அவற்றில் ஒன்று. கப்பல் கட்டியே பழக்கமில்லாதவர்கள், பண்ணை வேலையை விட்டு வந்தவர்கள், பெண்கள் என்று எல்லாரும் அதில் நின்றார்கள். தகடுகளைப் பழுக்கக் காய்ச்சிய ரிவெட் ஆணிகளால் பிணைத்தார்கள். யுத்தம் முடியும் வரை மிதந்தால் போதும் என்றுதான் அவற்றைக் கட்டினார்கள். நான் ஏறிய கப்பல் அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தது. கொடியும் பெயரும் பலமுறை மாறியிருந்தன. ஆனால் இஞ்சின் அறையில், படியிறங்கியவுடன் கண்ணில் படும் இடத்தில், கட்டிய ஊரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு அப்படியே இருந்தது. 'மொன்ட்ரியால்' என்ற சொல்லை நான் முதன்முதலில் வாசித்தது அங்கேதான். நாலாவது இஞ்சினியராகச் சேர்ந்த அன்று எனக்குத் தந்த முதல் வேலை அந்தத் தகட்டை மினுக்குவது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிப் படிப்பு, கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரி, துறைமுக வேலைத்தளத்தில் பயிலுநர். அங்கே என்னுடன் பயின்றவன் அருளப்பு. நான் ஹாங்காங் முதலாளி ஒருவரின் கப்பலில் ஏறினேன். அவன் சிங்கப்பூர் முதலாளி ஒருவரின் கப்பலில் ஏறினான். இரண்டும் யுத்தகாலக் கப்பல்கள். அவனுடையது எங்களுடையதற்குத் தங்கை என்று சொல்லுவோம்.

என்னை இஞ்சினியர் ஆக்கியவர் எங்கள் சீஃப் இஞ்சினியர் ரொசாரியோ. தூத்துக்குடிக்காரர். பெரிய உருவம். படியில் ஒருநாளும் வேகமாக இறங்கமாட்டார். இஞ்சினில் ஏதாவது பிழைத்துவிட்டால் இன்னும் மெதுவாக இறங்குவார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று நாங்கள் கணிப்போம். அளவுமானிகளை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு கையால்தான் எல்லாம்.

அந்த நீராவி இஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் தண்டும் கீழே கிராங்க் என்கிற வளைந்த அச்சைப் பிடித்துச் சுழற்றும். பிடிக்கும் இடத்தில் இருப்பதுதான் பேரிங்: இரண்டு பாதிகளாகப் பிளந்த, ஒரு மனிதன் தனியாகத் தூக்க முடியாத பித்தளை ஓடு. உட்புறம் வெள்ளை உலோகம் வார்த்திருக்கும். எண்ணெய் போதாவிட்டால் அந்த வெள்ளை உலோகம் உருகி ஓடிவிடும். ஆகவே அது சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கும் முறை ஒன்றுதான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிராங்க் குழிக்குள் கையை விட்டு, சுழன்று வரும் பேரிங்கைத் தொட வேண்டும்.

"ஏலே, பயந்தா கை போயிரும்," என்றார் ரொசாரியோ முதல்நாள். "அவசரப்பட்டாலும் போயிரும். அது வாரப்ப நீ போகாத. அது போறப்ப பின்னாலேயே போ. ஒரு தட்டு. எடுத்துரு."

கிராங்க் விலகிப் போகும் கணத்தில் உள்ளங்கை அதன் பின்னால் இறங்க வேண்டும். தொட்டு, அது திரும்பி வருவதற்குள் வெளியே. முதல் வாரம் நான் காற்றைத்தான் தொட்டேன். பின்னர் இஞ்சினின் தாளம் தோளுக்குள் வந்துவிட்டது. ஒரு வருடத்தில், எந்த பேரிங் எந்த அளவு சூடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வோட்ச் என்கிற வேலைமுறை மாறும்போது புதிதாக வருகிறவர் மூன்றையும் தானே தொட்டுப் பார்த்த பிறகுதான் முந்தியவர் மேலே போகலாம். அதேசமயம், ரொசாரியோவுக்கு ஒருவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டால், அவர் தொட்டதைத் தான் மறுபடி தொடமாட்டார். எனக்கு அந்த மரியாதை கிடைத்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. "சேவியர் பார்த்துட்டானா? அப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தார்.

இந்தக் கப்பல்காரர்களிடம் மட்டும் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே வரைபடம் என்பதால் ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தும். துறைமுகத்தில் ஒரு தங்கைக் கப்பலைக் கண்டால், முதலாளிகள் வேறாக இருந்தாலும், இஞ்சினியர்கள் சாமான் மாற்றிக்கொள்வார்கள். வால்வு, குழாய், சில நேரம் ஒரு பம்ப் முழுதாக. கையெழுத்து எதுவும் இல்லை. அடுத்த துறைமுகத்தில் திருப்பித் தருவேன் என்ற வாய்வார்த்தைதான். அந்த வாய்வார்த்தையில்தான் உலகமெங்கும் அந்தப் பழைய கப்பல்கள் ஓடின.

ரங்கூன் ஆற்றில் அரிசி ஏற்றிக்கொண்டு நின்றோம். நடுச் சிலிண்டரின் பேரிங் இளஞ்சூடாகவே இருந்தது. எங்கள் உபரி பேரிங்கைத்தான் முந்திய பயணத்தில் அங்கே போட்டிருந்தோம்; கழற்றியது வெடித்துப் பயனற்றுப் போயிருந்தது. உபரி மாட்டும் கொக்கி வெறுமையாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் அருளப்புவின் கப்பல் இடத்துக்காகக் காத்து நின்றது.

"ஒன் ஊர்க்காரன்தானே அவன்? போய்க் கேளு," என்றார் ரொசாரியோ.

சம்பான் படகில் போனேன். அருளப்பு எனக்குச் சமமான வேலையில் இருந்தான். ஆனால் அவனுடைய சீஃப் ஒரு வங்காளி, ஒரு நட்டுக்கூட வெளியே கொடுக்காதவர். அன்று அவர் கரைக்குப் போயிருந்தார்.

"கேட்டால் தரமாட்டார், மச்சான்," என்றான் அருளப்பு. "கேளாமல் தாறன். கொழும்புக்கு நீங்கள்தானே முதல் போறியள். உங்கடை பழசை வார்ப்பிச்சு வேலைத்தளத்திலை என்ரை பேருக்கு வைச்சிட்டுப் போ. நாங்கள் பின்னாலை வந்து எடுக்கிறம்."

"உங்கடை சீஃப் காணமாட்டாரே?"

"விடிய எழும்பி அவர் முதல் பாக்கிறதே அந்தக் கொக்கியைத்தான்." சிரித்தான். "அதுக்கு வழி இருக்கு. எங்கடை தச்சன் நல்ல கெட்டிக்காரன். மரத்திலை ஒண்டு செய்து, மற்ற உபரிச் சாமான் மாதிரிச் சிவப்பு மை அடிச்சுத் தொங்கவிடுறன். கொழும்பு மட்டும்தானே. ஆனா சேவியர், இது என்ரை தலை. மறந்திடாதை."

அவனுடைய கப்பலின் பேரிங்கை நானும் இஞ்சினுக்கு எண்ணெய் விடும் ஓர் ஆளும் சம்பானில் இறக்கி எடுத்து வந்தோம்.

இனி நான் பார்ட்டிகளில் சொல்லும் பாதி. வங்காள விரிகுடாவில், ஒரு காலைப் பொழுதில், நடுப் பேரிங் போய்விட்டது. நான்தான் வோட்ச். கையை விட்டேன், தோல் சுட்டது. மறுமுறை விட்டபோது உருகிய உலோகம் எண்ணெயில் வெள்ளித் துகளாக ஓடியது. இஞ்சினை நிறுத்தினோம். கப்பல் அலைக்குப் பக்கம் காட்டிப் புரளத் தொடங்கியது. ரொசாரியோ படியில் இறங்கி வந்தார். நான் கண்டதிலேயே மெதுவாக வந்தார்.

"சேவியர், இது ஒன் பேரிங். நான் பக்கத்துல நிக்கேன்."

அச்சு அசையாமல் பல்சக்கரத்தைப் பூட்டினோம். தண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, எரிந்த ஓட்டை இறக்கினோம். கிராங்க் முள், அதாவது பேரிங் பிடிக்கும் உருளை, கீறியிருந்தது. அதை எண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு கையாலேயே தேய்த்து வழவழப்பாக்கினேன். பிறகு அருளப்பு தந்த பேரிங். ஒரே வரைபடம் என்றாலும் அப்படியே கொழுவ முடியாது. ஒவ்வொரு கிராங்கும் தன் விதமாகத் தேய்ந்திருக்கும். முள்ளில் நீலச் சாயம் மெல்லப் பூசி, ஓட்டை வைத்து ஒருமுறை அசைத்து எடுத்தால், மேடான இடங்களில் நீலம் ஒட்டியிருக்கும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். கப்பல் ஒரு பக்கம் சரியும்போது கையை எடுக்க வேண்டும், நிமிரும்போது ஓர் இழுப்பு. குழிக்குள் முழங்கால் வரை எண்ணெயும் தண்ணீரும். ரொசாரியோ மேலே குனிந்து நின்று, என் கைலேஞ்சியால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓட்டுக்குள் ஈயக் கம்பி வைத்து இறுக்கி, கழற்றி, நசுங்கிய கம்பியை அளந்தோம். அது இடைவெளியைச் சொல்லும். அளவைப் பார்த்துவிட்டு அவர் அதை என் சட்டைப் பையில் போட்டார்.

"வெச்சுக்க," என்றார். "ஒன் பிள்ளைங்களுக்குக் காட்டு."

இஞ்சின் மறுபடி ஓடியது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினோம். கொழும்பு வரை அந்த பேரிங் என் நெற்றியை விடக் குளிர்ச்சியாக இருந்தது. அடுத்த மாதம் என்னை மூன்றாவது இஞ்சினியர் ஆக்கினார்கள். அந்தக் கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இங்கேதான் நான் நிறுத்துவேன். எல்லாரும் கை தட்டுவார்கள்.

கொழும்பில் எங்கள் எரிந்த ஓட்டுக்கு வெள்ளை உலோகம் வார்ப்பித்துக் கடைந்து எடுத்தோம். அருளப்புவுக்குப் போக வேண்டியது அதுதான். ஆனால் அந்த நாட்களில் முன் சிலிண்டரின் பேரிங்கும் இளஞ்சூடாகத் தொடங்கியிருந்தது. எங்கள் கொக்கியோ வெறுமை. அடுத்தது கராச்சிப் பயணம், தென்மேற்குப் பருவக் காற்று. முடிவை ரொசாரியோ என்னிடம் விட்டார்.

"குடுக்கணும்னா இங்க வெச்சிட்டு வா. நமக்கு வேணும்னா, இல்லன்னு அவனுக்கு எழுதி வெச்சிட்டு வா. ரெண்டுல ஒண்ணு செஞ்சிரு."

நான் அதைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டேன். கப்பலின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்தது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் எழுதி வைக்கவில்லை. வேலைத்தளத்து மேற்பார்வையாளர் எனக்குத் தெரிந்தவர். ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது. வாக்குத் தவறியவன் என்று ஒருவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு துறைமுகத்தில் ஒன்று எடுத்து அனுப்பிவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"சொல்லிட்டியா?" என்று ரொசாரியோ கேட்டார்.

"சொல்லிட்டேன், சீஃப்," என்றேன். அது பொய்.

மாதங்கள் கழித்து சிங்கப்பூரில், மாலுமிகள் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேறொரு கப்பலின் இரண்டாவது இஞ்சினியர், சென்னைக்காரர், ஒரு பகிடி சொன்னார்.

"ஒரு சிலோன்காரன், கப்பல்ல இருந்த பேரிங்கை பித்தளை விலைக்கு வித்துட்டு, மரத்துல பொம்மை செஞ்சு மாட்டி வெச்சிருந்தானாம். புயல்ல பேரிங் போச்சு. சீஃப் உபரியை இறக்குங்கடான்னா, சங்கிலியே இறுகலையாம். லேசா வருது. பசங்க பொம்மையக் கொண்டுவந்து அவர் கால்ல வெச்சானுங்களாம்."

மேசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். 

ரொசாரியோ சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன்னு சொன்னியே."

நான் தட்டில் சோற்றைப் பிசைந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. எனக்கு எழுதித் தந்த நற்சான்றில் ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில், நான் மூன்று பேரிங்கையும் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, மூன்றையும் தானே தொட்டுப் பார்த்தார். நான் அந்தக் கப்பலை விட்டு இறங்கும் வரை ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்தார்.

அருளப்புவின் கப்பலை இழுத்துக் கொண்டுபோய்க் கரை சேர்த்தார்கள். யாரும் சாகவில்லை. அவனைத் திருடன் என்று இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு எந்தக் கப்பலும் அவனை ஏற்றவில்லை. பேசியிருந்த கலியாணத்தைப் பெண்வீட்டார் கைவிட்டார்கள். மன்னாரில் ஓர் அரிசி ஆலையின் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேரிங்கை யாரிடம் கொடுத்தான் என்று எவ்வளவு கேட்டும் அவன் சொல்லவில்லை.

நான் அகதியாக மொன்ட்ரியாலுக்கு வந்து, துறைமுகத்தில் இஞ்சின் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டேன். நேர்முகம் எடுத்தவர் என் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, நீராவி தெரியுமா என்று கேட்டார். இந்த ஊரில் கட்டிய கப்பலில் ஓடியிருக்கிறேன் என்று சொல்லி, பேரிங் கதையைச் சொன்னேன். அவருடைய தகப்பன் அந்தத் தளத்தில் ரிவெட் அடித்தவராம். திங்கட்கிழமை வரச் சொன்னார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் வேலை செய்தேன். அருளப்புவின் வாழ்க்கையைக் கெடுத்த அதே பேரிங் எனக்கு வேலை வாங்கித் தந்தது.

சில வருடங்களின் பின் அருளப்புவும் குடும்பத்துடன் இங்கே வந்தார். ஒரு கட்டடத்தின் கொதிகலன் அறையில் வேலை. கொழும்புத் துறைமுகத்து ஆள் யாரோ 'பித்தளை' என்ற பட்டப்பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கோவிலில் முதல்முறை கண்டபோது நான் பேச வாயெடுத்தேன். அவர் என் தோளில் தட்டி, "சேவியர், மெலிஞ்சு போனாய்," என்றார். அதற்குப் பிறகு நான் பேரிங் கதை சொல்லும் இடங்களில் அவரும் இருந்திருக்கிறார். "அந்த ஈயக் கம்பியைச் சொல்லு," என்று எடுத்தும் கொடுத்திருக்கிறார்.

டிலானி எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பலகையைக் காட்டினார். ஆற்றில் கடைசிப் பனிக்கட்டிகள் போய்க்கொண்டிருந்தன. படத்தில் ரிவெட் குறடு பிடித்த பெண்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். டிலானி பிரெஞ்சை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"எல்லாக் கப்பலும் ஒரே மாதிரியாம். ஒரு சாமானும் வித்தியாசம் இல்லையாம்."

"எங்கடை கப்பலிலை ஒண்டு வித்தியாசம்," என்றார் அருளப்பு.

"என்ன அங்கிள் வித்தியாசம்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. கொக்கியில் கிடப்பது மரமா உலோகமா என்று பார்க்கிற பார்வை.

"பிள்ளை," என்றேன், "பார்ட்டியிலை நான் சொல்லுற பேரிங் இவரின்ரை. நான்தான் இவரிட்டை வாங்கினனான். திருப்பிக் குடுக்கேல்லை. இல்லையெண்டு சொல்லியும் விடேல்லை."

 அருளப்பு ஆற்றின் பக்கம் திரும்பினார்.

"கொழும்பிலை வேலைத்தளத்துக்கு மூண்டு தரம் போனன்," என்றார். "இல்லையெண்டு ஒரு சொல்லு இருந்திருந்தால் சீஃபிட்டைப் போய் ஒப்புக்கொண்டிருப்பன். பேச்சு விழும். அங்கையே ஒண்டு வார்ப்பிச்சிருப்பம். நீ மறக்கமாட்டாய் எண்டு நினைச்சன், மச்சான். அவ்வளவுதான்."

"ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"சொன்னால் ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். பேந்து நீ வந்து சொல்லுவாய் எண்டு பாத்தன். கொஞ்சம் சுணங்கிப் போச்சு."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

"இதை எழுதப் போறன்," என்றேன்.

"எழுது. ஆனா மரக்கட்டை எண்டு எழுதாதை. அது தேக்கு. தச்சன் நல்லா மினக்கெட்டவன். போல்ட் தலை கூடச் செதுக்கியிருந்தான். பித்தளை எண்டு கூப்பிடுறதையும் ஒண்டும் செய்யாதை. இப்ப மாத்தினால் ஆரைக் கூப்பிடுறாங்கள் எண்டு எனக்கே தெரியாது."

அவர் சொன்ன முதலாவதைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவதைக் கேட்கப் போவதில்லை. எங்கள் கப்பல்கள் நல்ல கப்பல்கள். என் வேலையும் நல்ல வேலை. ஆனால் நடுக்கடலில் என் கையில் இருந்த பேரிங் அருளப்பு தந்தது. அவர் அதை யாருக்கும் விற்கவில்லை. வாங்கியவன் நான். வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவனும் நான். இந்த மலரை வாசிக்கிறவர்கள் அடுத்த திருநாளில் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கும் அவரைக் கண்டால், அருளப்பு அண்ணை என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் சுணங்குவார். மறுபடியும் கூப்பிடுங்கள்.